சவரக்கத்தி: சொல்லின் வேரும் கருவியின் மீது ஏறிய சாதியும்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் சானமாவுக் காடு இருக்கிறது. யானைக் கூட்டங்கள் வந்து தங்கும் செய்திகளால் மட்டுமே வெளியுலகம் அந்தப் பெயரை அறியும். அக்காட்டை ஒட்டிய ஊரொன்றைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், புகார் மனு எழுதும் பயிற்சியின்போது தம் வரைவை எங்களிடம் காட்டினார். ஓசூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் எந்தச் சலூனிலும் அவரிடம் யாரும் சாதி கேட்பதில்லை. சொந்த ஊரில் மட்டும் அவருக்கு நாற்காலி இல்லை. மனுவின் முதல் வரி இப்படித் தொடங்கியது: “எங்கள் ஊர் அம்பட்டன், தன் சவரக்கத்தி என் மேல் படாது என்று சொல்லிவிட்டான்.”

நடந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ‘அம்பட்டன்’ என்ற சொல்லையும் ‘சொல்லிவிட்டான்’ என்ற விகுதியையும் மாற்ற வேண்டும் என்றோம். “என்னை அவமதித்தவரை நான் ஏன் மரியாதையாக எழுத வேண்டும்?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வரியில் விடை சொல்ல எங்களால் இயலவில்லை. ‘சவரக்கத்தி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது, அதைப் பிடித்த கைக்கு என்னென்ன பெயர்கள் சூட்டப்பட்டன, அது யார் மேல் படலாம் என்று ஆணையிட்டது யார், சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது ஆகிய நான்கையும் தொகுத்துச் சொல்வதே முறையான விடையாகும். அத்தொகுப்பே இக்கட்டுரை.

சொல்லின் பொருளும் வேரும்

சவரக்கத்தி என்பது முகத்திலோ தலையிலோ உள்ள மயிரைத் தோலோடு ஒட்ட நீக்கப் பயன்படும் மெல்லிய கூர்முனைக் கத்தி. பிடிக்குள் மடித்து வைக்கத்தக்கது. சாணைக்கல்லில் கூரேற்றித் தோல்வாரில் தீட்டிப் பயன்படுத்தப்பட்டது. இன்று அதன் இடத்தில், பாதியாக ஒடித்த பிளேடைச் செருகும் பிடிக்கத்தி வந்துவிட்டது. ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடை அடுத்தவருக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற சுகாதார அறிவுரை, எச்.ஐ.வி. குறித்த விழிப்புணர்வு பரவிய காலத்தில் ஊன்றியது. கருவி மாறினாலும் பெயர் மாறவில்லை. 2018இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம் ஒன்றுக்கும் அதுவே தலைப்பு.

இது இரு சொற்களின் கூட்டு. பின்பாதியான ‘கத்தி’ தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கிலும் வழங்கும் பொதுச்சொல். முன்பாதியான ‘சவரம்’ வடமொழியின் ‘க்ஷௌரம்’ என்பதன் தமிழ் வடிவம். சவரக்கத்திக்கு வடமொழியில் ‘க்ஷுர’ என்று பெயர். அதைக் கொண்டு செய்யும் வேலை ‘க்ஷௌர’. ஆகவே, ‘சவரக்கத்தி’ என்னும்போது ஒரு கத்தியின் பெயரிலிருந்து பிறந்த வேலையின் பெயருக்குப் பின்னால் மீண்டும் ஒரு கத்தியைச் சேர்க்கிறோம். எல்லைக்கு அப்பால் கன்னடத்திலும் இதே சொல் ‘க்ஷௌர’ என்று சலூன் பலகைகளில் நிற்கிறது. சிறு கத்தியைக் குறிக்கும் ‘சுரிகை’ என்ற பழஞ்சொல்லும், இந்தியில் கத்தியைக் குறிக்கும் ‘சுரா’, ‘சுரி’ என்பனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. கிரேக்க மொழியில் சவரக்கத்தியைக் குறிக்கும் ‘க்ஸுரோன்’ என்பதையும் மொழியியலாளர் இதற்கு உறவாகக் காட்டுவர்.

ஒலியால் நெருங்கினாலும் உறவில்லாத சொற்கள் சில உண்டு. பெண்கள் கூந்தலோடு சேர்த்துப் பின்னும் ‘சவரி’, கவரிமாவைக் குறிக்கும் ‘சமரி’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பவுனைக் குறிக்கும் ‘சவரன்’ ஆங்கிலத்தின் ‘சாவரின்’. சானமாவு என்ற ஊர்ப்பெயரைக் கேட்டதும் கத்தி தீட்டும் ‘சாணை’ சிலருக்கு நினைவுக்கு வரலாம். ஒலி ஒற்றுமை ஒன்றை மட்டும் வைத்து ஊருக்குப் பொருள் சொல்வது ஆய்வாகாது. சாதிப் பெயர்களுக்குக் கற்பிக்கப்படும் பல ‘தோற்றக் கதைகள்’ இத்தகைய ஒலி விளையாட்டுகளே என்பதால் இந்த எச்சரிக்கை இங்கே தேவைப்படுகிறது.

தமிழின் சொந்தச் சொற்கள்

சவரம் என்ற சொல் வருவதற்கு முன் தமிழர் மயிர் நீக்காமல் இருந்துவிடவில்லை. ‘மழித்தல்’ நல்ல தமிழ். திருக்குறளின் கூடாவொழுக்கம் அதிகாரத்தில் 280ஆம் குறள் இவ்வினையைத்தான் ஆள்கிறது. உலகம் பழிப்பதை விட்டுவிட்டால் தலையை மழிப்பதோ சடையை வளர்ப்பதோ வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. பொருநராற்றுப்படை, ஒரு பெண்ணின் காதுக்கு மயிரைக் குறைக்கும் கருவியின் கைப்பிடி வளைவை உவமை காட்டுகிறது. அழகுக்கு உவமையாகச் சொல்லத் தகுதியான பொருளாக அக்கருவி அன்று இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. உவமை சொன்ன புலவருக்கு அதில் இழிவு தோன்றவில்லை.

மற்றொரு சொல் ‘சிரைத்தல்’. இதன் கன்னட உறவு ‘கெரெ’: சுரண்டு, மழி என்பது அதன் பொருள். தமிழில் ‘செவி’ என்பது கன்னடத்தில் ‘கிவி’ ஆவது போல, இங்கும் தமிழின் சகரமும் கன்னடத்தின் ககரமும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கின்றன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும் ஓசூர்ப் பகுதியில் இந்த உறவைக் காண நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை.

ஆனால் இன்று ‘சிரைத்தல்’ என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளில் எவரும் கூசாமல் சொல்வதில்லை. “என்ன சிரைத்துக்கொண்டிருந்தாய்?” என்றால் உருப்படியான வேலை எதையும் செய்யவில்லை என்று பொருள். நுட்பமான கைத்திறன் வேண்டும் ஒரு தொழிலின் பெயர், வெட்டி வேலைக்கு மறுபெயராகிவிட்டது. ஒரு சொல் தானாகத் தாழ்வதில்லை. அதைச் செய்பவரை ஊர் எங்கே நிறுத்தியதோ அங்கே அச்சொல்லும் நிறுத்தப்படுகிறது.

கத்திக்குப் பெருமை, கைக்கு இழிவு

வடமொழி மரபில் கருவிக்கு இழிவு இல்லை. ‘க்ஷுர’ ரிக் வேதத்திலேயே இடம்பெறும் சொல். அதர்வ வேதத்தில் முடி மழிக்கும் சடங்குக்கான பாடல் ஒன்று, சவிதா என்னும் தெய்வமே சவரக்கத்தியுடன் வருவதாகப் பேசுகிறது. கடோபநிடதம் ஞானத்தின் பாதையைச் சவரக்கத்தியின் கூர்முனையில் நடப்பதற்கு ஒப்பிடுகிறது. அந்த உவமையின் வழியே ‘சவரக்கத்தியின் விளிம்பு’ எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1944இல் ஒரு நாவல் எழுதினார்.

கத்தியின் கூர்மை தத்துவத்துக்கு உவமையாயிற்று. அக்கூர்மையை நாள்தோறும் காத்துவந்தவருக்கோ சாதியடுக்கில் தாழ்ந்த இடமே கிடைத்தது. மனுஸ்மிருதியின் 4ஆம் அத்தியாயம், எந்தெந்தச் சூத்திரரிடம் உணவு பெறலாம் என்று பட்டியலிடும்போது நாவிதரையும் சேர்க்கிறது. வீட்டுக்குள் வரவும் உடலைத் தொடவும் வேண்டிய ஒருவரை முற்றிலும் விலக்க முடியாது. அதனால் தேவைக்குத் தொடலாம், சமமாக உட்காரக் கூடாது என்ற இடைநிலை அவருக்கு ஒதுக்கப்பட்டது.

பௌத்த மரபு வேறு வழியில் சென்றது. பாலி மொழியில் சவரக்கத்தி ‘குர’. பிக்கு வைத்திருக்க வேண்டிய எட்டுப் பொருள்களில் தலை மழிக்கும் கத்தியும் ஒன்றாக எண்ணப்படுகிறது. சங்கத்தில் எல்லோர் தலையையும் ஒரே கத்திதான் மழிக்கிறது; சிகையின் வடிவில் சாதியைக் காட்டும் வழி அங்கே அடைபடுகிறது. சாக்கிய இளவரசர்களுக்கு முடிதிருத்துபவராக இருந்த உபாலி, அவர்களோடு சேர்ந்து துறவேற்க வந்தபோது, முதலில் உபாலிக்குத் துறவு தருமாறு இளவரசர்களே புத்தரிடம் கேட்டுக்கொண்டனர். அப்போதுதான் மூத்தவர் என்ற முறையில் அவரைத் தாங்கள் வணங்க வேண்டிவரும், தங்கள் குலச்செருக்கு அடங்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். முதல் பௌத்தப் பேரவையில் விநயம், அதாவது சங்கத்தின் ஒழுக்க விதிகள், உபாலியிடம் கேட்டே தொகுக்கப்பட்டன. 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அண்ணல் அம்பேத்கர் உபாலியின் வரலாற்றைத் தனித் தலைப்பிட்டு எழுதியிருக்கிறார். சட்டம் பயில்வோர் இதை நினைவில் கொள்ளலாம்: இந்திய மண்ணின் பழமையான விதித் தொகுப்புகளுள் ஒன்று, சவரக்கத்தி பிடித்த ஒருவரின் நினைவாற்றலிலிருந்து வந்தது.

கையைப் பிடித்தவரின் பெயர்கள்

கருவிக்கு ஒரு பெயர் போதுமாக இருந்தது. அதைக் கையாண்டவருக்கோ ஊருக்கொரு பெயர்.

‘நாவிதர்’ என்பது வடமொழி ‘நாபித’. பாலியில் அது ‘நஹாபித’. நீராட்டுபவர் என்பதே வேர்ப்பொருள் என்பர். ‘அம்பட்டன்’ என்பதை ‘அம்பஷ்ட’ என்பதோடு இணைப்பார்கள். மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் அம்பஷ்டருக்கு விதிக்கும் தொழில் மருத்துவம். தெலுங்கின் ‘மங்கலி’ மங்கலம் என்ற சொல்லை நினைவூட்டுவது. திருமணத்தில் மங்கல இசை வாசிப்போரும் பல இடங்களில் இச்சமூகத்தினரே. கன்னடத்திலும் இந்தியிலும் வழங்கும் ‘ஹஜாம’ அரபு மொழியின் ‘ஹஜ்ஜாம்’, அதாவது உடலில் கீறிக் கெட்ட இரத்தத்தை வெளியேற்றும் மருத்துவர். கருநாடகத்தில் இன்று அச்சொல் வசையாகிவிட்டதால், சமூகத்தினர் ‘சவிதா சமாஜம்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்துள்ளனர். நீராட்டு, மருத்துவம், மங்கலம், அறுவைச் சிகிச்சை என்று எல்லாப் பெயர்களின் அடியிலும் மதிப்புள்ள ஒரு தொழில் இருக்கிறது. ஆனால் பல பெயர்கள் வசையாக்கப்பட்டுவிட்டன. 2009இல் ‘பில்லு பார்பர்’ என்ற இந்திப் படத்தின் பெயரிலிருந்து, முடிதிருத்துவோரின் எதிர்ப்புக்குப் பின் ‘பார்பர்’ நீக்கப்பட்டதும் இந்த வரலாற்றின் தொடர்ச்சிதான்.

ஐரோப்பாவிலும் சவரக்கத்தியும் அறுவைக்கத்தியும் ஒரே கையில் இருந்தன. இலண்டனில் 1540இல் முடிதிருத்துநரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டு, 1745இல் பிரிந்தனர். அங்கே அக்கைத்தொழிலின் ஒரு கிளை மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. இங்கே அது பிறப்போடு கட்டப்பட்டிருந்ததால், கட்டி அறுத்தவரும் எலும்பு கட்டியவரும் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சியும் ஊருக்குப் பணி செய்யும் சாதியாகவே நிறுத்தப்பட்டனர். தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இச்சமூகத்தினர் ‘மருத்துவர்’, ‘நாவிதர்’, ‘மங்கலா’ முதலிய பெயர்களில் இடம்பெறுகின்றனர். ‘மருத்துவர்’ என்ற பெயர் அந்த நினைவின் மிச்சம்.

முடிதிருத்துநரின் கருவிப் பைக்கும் ஒரு பெயர் உண்டு: ‘அடைப்பம்’. வெற்றிலைப் பைக்கும் அதுவே பெயர். அதன் கன்னட இணை ‘ஹடப’. 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணரின் உடனிருந்த வசனக் கவிஞர் ஹடபத அப்பண்ணா அந்தப் பையின் பெயரைத் தம் பெயரோடு தாங்கினார். கருநாடகத்தின் முடிதிருத்தும் மக்களில் ஒரு பிரிவினர் இன்றும் அவரைத் தம் முன்னோராகக் கொண்டாடுகின்றனர். பையைச் சுமந்தவர் கவிஞராக அவையில் அமர முடிந்தது, சாதி மறுப்பைப் பேசிய ஓர் இயக்கத்தின் காலத்தில்தான்.

தீட்டுதலும் தீட்டும்

தமிழில் கத்தியைக் கூராக்குவது ‘தீட்டுதல்’. சாதியச் சமூகம் விலக்கி வைப்பதற்குச் சொல்லும் காரணம் ‘தீட்டு’. ஒலி ஒன்று, வேர் வேறு. பின்னது ‘தீண்டு’ என்பதிலிருந்து வந்தது. ‘தீண்டாமை’யின் அடியும் அதுவே.

சவரத்தொழிலின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தேநீரைத் தனிக் குவளையில் தரலாம். மளிகைப் பொருளைத் தூக்கிப் போடலாம். தீண்டாமல் சவரம் செய்ய முடியாது. தாடையைப் பிடித்து, தலையைச் சாய்த்து, தோலை இழுத்துப் பிடித்துத்தான் கத்தி வைக்க வேண்டும். ஆகவே தீண்டாமை ஒவ்வொரு நாளும் நேருக்கு நேர் சோதிக்கப்படும் இடம் சவர நாற்காலி. கழுத்தில் வைத்த கத்தியை நம்பிக் கண்ணை மூடும் ஆதிக்கச் சாதியினர், அதே கத்தி நேற்று ஒரு தலித்தின் கழுத்தைத் தொட்டதா என்று கேட்பது அதனால்தான். அந்தக் கத்தியைத் தீட்டிய தோல்வார் யாருடைய உழைப்பில் பதமானது என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை.

பதினொரு மாநிலங்களின் 565 கிராமங்களில் நடத்தப்பட்டு, 2006இல் நூலாக வெளிவந்த ஊரகத் தீண்டாமை பற்றிய ஆய்வு, முடிதிருத்த மறுப்பதைப் பரவலான தீண்டாமை வடிவங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. பல சேரிகளில் தலித்துகள் தமக்குள் ஒருவரைப் பழக்கி முடி வெட்டிக்கொண்டனர், அல்லது பேருந்து ஏறி நகரத்துக்குப் போயினர். தொழில் நகரமான ஓசூர் இப்படிப்பட்ட விடுதலையைப் பலருக்குத் தந்திருக்கிறது. ஆனால் அது ஊருக்கு வெளியே கிடைக்கும் விடுதலை. ஊர் அப்படியே இருக்கிறது.

மறுப்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். 2020 நவம்பரில், மைசூரு மாவட்டம் நஞ்சன்கூடு வட்டத்தின் ஹல்லரே கிராமத்தில், பட்டியல் சாதியினருக்கு முடி வெட்டிய முடிதிருத்துநர் ஒருவரின் குடும்பத்தை ஆதிக்கச் சாதியினர் ஊர்விலக்கம் செய்து 50,000 ரூபாய் தண்டம் கேட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. மறுத்தால் தலித்துக்கு அவமானம். மறுக்காவிட்டால் முடிதிருத்துநருக்குப் பட்டினி. கத்தி ஒருவர் கையில் இருக்கிறது, ஆணை வேறொருவர் வாயில் இருக்கிறது.

கத்தியை வைத்திருப்பவர்கள் ஆணையை மறுத்த வரலாறும் உண்டு. 1890இல் மும்பையில், சத்திய சோதக் இயக்கத்தைச் சேர்ந்தவரும் தொழிற்சங்க முன்னோடியுமான நாராயண் மேகாஜி லோகண்டே முடிதிருத்துநர்களைக் கூட்டினார். கைம்பெண்களின் தலையை மழிக்க மாட்டோம் என்று அவர்கள் முடிவெடுத்தனர். ஒரு பெண்ணை இழிவுபடுத்த எங்கள் கத்தியைத் தர மாட்டோம் என்ற அந்த மறுப்பும், ஒரு தலித்துக்கு எங்கள் கத்தி படாது என்ற மறுப்பும் ஒன்றல்ல. முன்னது சாதியொழுக்கத்துக்கு எதிரானது, பின்னது சாதியொழுக்கத்தின் ஆணை. மறுப்பு யாருக்கு எதிராக நிற்கிறது என்பதே அளவுகோல்.

யாழ்ப்பாணத்தில் ‘பஞ்சமர்’ என்று ஒதுக்கப்பட்ட ஐந்து சாதிகளுள் முடிதிருத்துவோரும் துணி வெளுப்போரும் அடங்குவர். ஒரே தொழில், ஒரே மொழி. பாக் நீரிணையின் ஒரு கரையில் தீண்டத்தகாதார் வரிசையில், மறுகரையில் அதற்கு மேற்பட்ட படியில். இந்தக் கோடு எங்கே போடப்படும் என்பதை ஆதிக்கம்தான் முடிவு செய்கிறது. தொழிலில் இயல்பான தீட்டு ஒன்று இருந்திருந்தால் கோடு இப்படி இடம் மாறியிராது.

சட்டத்தின் சொற்கள்

அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு, சாதியைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகளில் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்து, அதன் எந்த வடிவத்தையும் தடை செய்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இவ்வுறுப்புகள் விவாதிக்கப்பட்டபோது, ‘கடை’ என்ற சொல்லின் அளவு குறித்துக் கேள்வி எழுந்தது. தேடி வரும் எவருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடமெல்லாம் கடை என்ற விரிந்த பொருளில்தான் அச்சொல் ஆளப்படுகிறது, வெறுமனே உள்ளே நுழையும் உரிமை மட்டும் நோக்கமன்று என்று அம்பேத்கர் விளக்கினார்.

அந்த விளக்கம் சட்டமாகவே எழுதப்பட்டுள்ளது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976இல் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. அதன் 2(இ) பிரிவு, ‘கடை’ என்பதில் சலவையகமும் முடிதிருத்தும் சலூனும் அடங்கும் என்று பெயர் சொல்லியே கூறுகிறது. ‘சலூன்’ என்ற சொல் பிரெஞ்சு மொழியின் ‘சலோன்’ வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தவர்களை அமர வைக்கும் பெரிய கூடம் என்பது அதன் பொருள். பலகையில் அப்பெயரை எழுதிவிட்டு ஒருவரை அமரவிடாமல் அனுப்புவது சொல்லுக்கும் சட்டத்துக்கும் ஒருசேர முரணானது.

செயற்பாட்டாளர்கள் அறிந்திருக்க வேண்டிய பிரிவுகள் இவை. மேற்சொன்ன சட்டத்தின் 4ஆம் பிரிவு கடைக்குள் செல்வதைத் தடுப்பதையும், 6ஆம் பிரிவு சேவை மறுப்பதையும் குற்றமாக்குகின்றன. இரண்டுக்கும் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் 100 முதல் 500 ரூபாய் வரை தண்டமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் எனில், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அச்செயல் தீண்டாமையின் அடிப்படையில் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. குற்றத்துக்குத் தூண்டியவருக்கும் அதே தண்டனை என்கிறது 10ஆம் பிரிவு. ஊரே சேர்ந்து குற்றத்துக்குத் துணைபோனால் கூட்டுத் தண்டம் விதிக்கும் அதிகாரத்தை 10-ஏ பிரிவு மாநில அரசுக்குத் தருகிறது. தீண்டாமையின் பேரில் ஒருவரைக் கட்டாயப்படுத்திச் செய்விக்கக் கூடாத வேலைகளை 7-ஏ பிரிவு பட்டியலிடுகிறது. மலம் அள்ளுவதோடும் செத்த விலங்கை அகற்றுவதோடும் தொப்புள்கொடி அறுப்பதும் அதில் இருக்கிறது. மருத்துவச்சியின் திறனை ஊழியமாக்கிய வரலாற்றைச் சட்டமே இப்படி ஒப்புக்கொண்டிருக்கிறது.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வடிவத்தில், 3(1)(இசட்-ஏ) பிரிவு கடை உள்ளிட்ட பொது இடங்களில் நுழைவதைத் தடுப்பதையும், 3(1)(இசட்-சி) பிரிவு சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்குகின்றன. 3(1)(இ) பிரிவு தலையை வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பதையும் மீசையை நீக்குவதையும் குறிப்பிட்டே தண்டிக்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை. ஒரு தலித்தின் மீசை மேல் கத்தியை வைப்பதும் வைக்க மறுப்பதும் ஒரே ஆதிக்கத்தின் இரு செயல்கள் என்பதை இப்பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால் உணரலாம்.

இங்கே ஓர் இடைவெளியையும் சொல்ல வேண்டும். பட்டியல் சாதியினரைச் சாதிப்பெயரால் வைவதை இச்சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு தண்டிக்கிறது. தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள முடிதிருத்துநரை அவர் சாதிப்பெயரால் வைதால் இப்பிரிவின் பாதுகாப்பு அவருக்கு இல்லை. தலித்துக்கு முடி வெட்டியதற்காக அவர் ஊர்விலக்கம் செய்யப்பட்டாலும், புறக்கணிப்பைப் பற்றிய பிரிவு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு எதிரான புறக்கணிப்பையே குறிக்கிறது. சட்டத்தைப் பின்பற்றத் துணியும் முடிதிருத்துநருக்கு அதே சட்டம் போதிய காவலாக இல்லை. தலித் இயக்கங்கள் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கை இது.

மனுவை எப்படி எழுதுவது

மாணவரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். சேவை மறுத்தவர் சட்டத்தின் முன் பொறுப்பாளிதான். யாருடைய அச்சத்தால் மறுத்திருந்தாலும் அவமானம் அவமானமே. அதை மனுவில் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘அம்பட்டன்’ என்று எழுதும்போது, நம் மீது வீசப்படும் அதே கல்லை எடுத்து, அதே சாதியடுக்கில் அடிபட்டு நிற்கும் வேறொருவர் மீது வீசுகிறோம். மனுவைப் படிக்கும் அலுவலருக்கும் இது இரு சிறு சாதிகளின் சச்சரவாகத் தோன்றும். ஆணையிட்டவர் காட்சியிலிருந்தே மறைந்துவிடுவார்.

எனவே, ‘முடிதிருத்தும் கடை நடத்தும் இன்னார்’ என்று எழுதுங்கள். தமிழ்நாட்டு அரசின் நலவாரியமும் ‘முடிதிருத்துவோர்’ என்ற சொல்லையே ஆள்கிறது. நாள், நேரம், கடையின் இடம், உடனிருந்தவர், மறுக்கும்போது சொன்ன சொற்கள் ஆகியவற்றைச் சொன்னபடியே பதியுங்கள். அதே கடையில் மற்றவருக்குச் சேவை தரப்படுகிறது என்பதைக் குறிப்பிடுங்கள். இவற்றோடு, “உங்களுக்கு வெட்டினால் ஊரில் என்னை விடமாட்டார்கள்” என்று அவர் சொல்லியிருந்தால் அந்த வாக்கியத்தைக் கட்டாயம் எழுதுங்கள். ‘விடமாட்டார்கள்’ என்ற சொல்லுக்குள் இருப்பவர்கள் யார் என்று விசாரிக்க வேண்டியது காவல்துறையின் கடமை. தூண்டுதல் பற்றிய 10ஆம் பிரிவுக்கு அதுவே வாசல்.

கடைசியாக ஒரு சொல். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் முடிதிருத்துநருக்கு வழங்கிய பெயர் ‘குடிமகன்’. ஊரின் குடிகளுக்குப் பரம்பரையாக ஊழியம் செய்து, களத்தில் தானியம் பெற்று வாழ வேண்டியவர் என்பது அதன் பொருள். திருமணத்துக்கும் சாவுக்கும் அழைக்காமலே வர வேண்டும். வர மறுக்க அவருக்கு உரிமை கிடையாது. அரசமைப்பின் தமிழில் அதே சொல்தான் நாட்டின் உரிமை பெற்ற உறுப்பினரைக் குறிக்கிறது. பழைய பொருளில் முடிதிருத்துநர் மட்டுமே குடிமகன், தலித் அதற்கும் வெளியே. புதிய பொருளில் நாற்காலியில் அமர்பவரும் கத்தி பிடிப்பவரும் ஒருசேரக் குடிமக்கள்.

மாணவர் மனுவைத் திருத்தி எழுதினார். ‘சவரக்கத்தி’ என்ற சொல்லை நாங்கள் மாற்றச் சொல்லவில்லை. அதில் குற்றம் ஏதுமில்லை.